அகழிக்குள் ஒரு பண்ணைவீடு

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில், வயல்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் நடுவே, சதுரமாகவோ நீள்சதுரமாகவோ வெட்டப்பட்ட பழைய நீர்ப்பள்ளங்கள் கிடக்கின்றன. நான்கு பக்கமும் பள்ளம், நடுவே சற்று உயர்ந்த திடல். சில திடல்களில் இன்றும் வீடு நிற்கிறது. பலவற்றில் புல்லும் முட்புதரும் மண்டியிருக்கின்றன. பள்ளத்தில் சில இடங்களில் ஆண்டு முழுதும் நீர் நிற்கும். சில இடங்களில் மழைக்காலத்தில் மட்டும் சேறு கட்டும். இடைக்காலத்தில் ஒரு பண்ணைக் குடும்பம் தன் வீட்டையும் தொழுவத்தையும் களஞ்சியத்தையும் நீரால் வளைத்துக்கொண்ட இடங்கள் இவை.

இங்கிலாந்தில் மட்டும் இத்தகைய அகழித் தலங்கள் சுமார் 6,000 அறியப்பட்டுள்ளன. 12ஆம் நூற்றாண்டிலேயே சில தோன்றிவிட்டன. 16ஆம் நூற்றாண்டிலும் சில வெட்டப்பட்டன. பெரும்பாலானவை 1250க்கும் 1350க்கும் இடைப்பட்ட நூறாண்டுகளைச் சேர்ந்தவை. அரசர்களின் கோட்டைகளை நூற்றுக்கணக்கில்தான் எண்ண முடியும். ஆயிரக்கணக்கில் பரவிய இந்தப் பண்ணை அகழிகள் வேறொரு வரலாற்றைச் சொல்கின்றன: காடு திருத்தியவர்கள், நிலம் சேர்த்தவர்கள், ஊரில் தமக்கென ஓர் இடம் தேடியவர்கள் ஆகியோரின் வரலாற்றை.

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வந்த சொல்

தமிழில் அகழி என்பது அகழ்தல் என்னும் வினையிலிருந்து பிறந்த சொல். தோண்டப்பட்டது எதுவோ அதுவே அகழி. ஆங்கிலத்தில் அகழியைக் குறிக்கும் ‘மோட்’ என்ற சொல்லுக்குப் பிறப்பு நேர்மாறானது. பழைய பிரெஞ்சு மொழியில் ‘மொத்’ என்றால் மண்மேடு. 11ஆம் நூற்றாண்டில் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபோது, மண்ணைக் குவித்து மேடாக்கி அதன்மேல் மரக்கோபுரம் நட்ட கோட்டைகளைக் கட்டினார்கள். மேட்டுக்கு மண் எடுத்த இடம் பள்ளமாயிற்று. பள்ளத்தில் நீர் தேங்கியது. நாளடைவில் மேட்டின் பெயர் பள்ளத்துக்கு ஒட்டிக்கொண்டது. அயர்லாந்தின் ஊர்ப்பேச்சில் இன்றும் அந்தச் சொல் மண்மேட்டையே குறிப்பதுண்டு.

கோட்டை அகழிக்கும் பண்ணை அகழிக்கும் வேறுபாடு உண்டு. பண்ணை அகழியின் உட்புறத்தில் பெரும்பாலும் கல்மதிலோ கோபுரமோ இல்லை. மர வீடுகள், வேலி, ஒரு பாலம், சில இடங்களில் ஒரு வாயில் மாடம், அவ்வளவே. பல அகழிகள் முழுவட்டமாக மூடவும் இல்லை. மூன்று பக்கம் நீர், நான்காவது பக்கம் வேலி என்று விட்டிருக்கிறார்கள். முற்றுகையைத் தாங்கும் நோக்கத்தோடு வெட்டியிருந்தால் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டிருக்க மாட்டார்கள்.

களிமண்ணின் வேலை

அகழித் தலங்களின் வரைபடத்தை நிலவியல் வரைபடத்தோடு பொருத்திப் பார்த்தால் ஓர் ஒற்றுமை உடனே கண்ணில் படும். கிழக்கு இங்கிலாந்தில் எசெக்ஸ், சஃபோக் மாவட்டங்களிலும், நடுப்பகுதியில் வாரிக்ஷயரிலும் அவை அடர்ந்திருக்கின்றன. சுண்ணப் பாறை நிலங்களில் அரிதாகிவிடுகின்றன. களிமண் உள்ள இடத்தில் அகழி உண்டு. நீர் ஒழுகிப்போகும் பாறை உள்ள இடத்தில் இல்லை.

கிழக்குப் பகுதியின் களிமண் பனியாறு கொண்டுவந்து சேர்த்தது. ஏறத்தாழ 4,50,000 ஆண்டுகளுக்கு முன், ஆங்கிலியன் பனியுகத்தில், வடக்கிலிருந்து நகர்ந்த பனிப்படலம் தன் வழியிலிருந்த பாறைகளை அரைத்து மாவாக்கி, சுண்ணத் துண்டுகளும் கற்களும் கலந்த கெட்டிக் களிமண்ணாகப் பரப்பிவிட்டுப் பின்வாங்கியது. களிமண் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. தட்டு வடிவம் உடையது. இத்தகைய தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும்போது இடைவெளிகள் மிக நுண்ணியவை ஆகின்றன. நீர் அவற்றில் மிக மெதுவாகவே கசியும். எனவே களிமண்ணில் வெட்டிய பள்ளத்துக்குக் கல்கட்டோ காரைப்பூச்சோ தேவையில்லை. பள்ளமே தொட்டியாகிவிடும். கிழக்கு இங்கிலாந்தில் ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டியே இருந்தாலும், மழைநீரும் சுற்றுவயல்களின் வடிகால் நீரும் சேர்ந்து பள்ளத்தை நிரப்பப் போதுமானவை.

சரிவான நிலத்தில் வேறு முறை கையாளப்பட்டது. ஊற்றையோ ஓடையையோ வாய்க்கால் வெட்டித் திருப்பி அகழிக்குள் விட்டார்கள்; தாழ்ந்த பக்கத்தில் கரை கட்டி நீரை நிறுத்தினார்கள்; மிஞ்சிய நீர் வெளியேற மதகு வைத்தார்கள். நீர்மட்டத்தைக் கையாளத் தெரிந்த உள்ளூர் ஆட்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆலைக்கு நீர் கொண்டுபோகும் கால்வாய், மீன்குளம், அகழி ஆகிய மூன்றையும் ஒரே நீரோட்டத்தில் இணைத்த பண்ணைகளும் உண்டு.

ஒரு கணக்கு

பெரும்பாலான அகழிகள் மேல்வாயில் 5 முதல் 15 மீட்டர் அகலம் உடையவை. உள்ளே இருக்கும் திடல் பொதுவாகக் கால் ஏக்கரிலிருந்து ஓர் ஏக்கரைச் சற்றுத் தாண்டும் வரை இருக்கும். இதை வெட்ட எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது என்பதை ஒரு மாதிரிக் கணக்கால் உணரலாம்.

திடல் பக்கத்துக்கு 50 மீட்டர் உள்ள சதுரம் என்று கொள்வோம். அகழியின் மேல்வாய் 10 மீட்டர், அடி 6 மீட்டர், ஆழம் 2 மீட்டர். அப்படியானால் குறுக்குவெட்டின் பரப்பு 16 சதுர மீட்டர். அகழியின் நடுக்கோடு சுற்றிவர 240 மீட்டர் நீளம். தோண்டி எடுக்கவேண்டிய மண் 3,840 கன மீட்டர். எடையில் ஏறத்தாழ 7,000 டன். இடைக்கால மண்வெட்டி மரத்தால் ஆனது. அதன் விளிம்புக்கு மட்டும் இரும்புப் பூண் போட்டிருப்பார்கள். ஈரக் களிமண் அதில் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் கல்லாய் இறுகும். ஓர் ஆள் ஒரு நாளில் 2 கன மீட்டர் வெட்டி அப்புறப்படுத்தினார் என்று வைத்தால், 20 பேர் ஒரு நாளும் விடாமல் 96 நாள் வேலை செய்திருக்க வேண்டும்.

எடுத்த மண்ணை வீணாக்கவில்லை. ஒரு பகுதி வெளிக்கரையாயிற்று. பெரும்பகுதி திடலின்மேல் பரப்பப்பட்டது. மேலே சொன்ன மண் முழுவதையும் திடலில் கொட்டியிருந்தால் தரை ஒன்றரை மீட்டர் உயர்ந்திருக்கும். அதில் பாதி கொட்டினாலே, சதுப்பாகக் கிடந்த இடம் கால் நனையாமல் நடமாடக்கூடிய முற்றமாகிவிடும்.

இந்தக் கணக்கு சமூகத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறது. 20 ஆட்களின் மூன்று மாத உழைப்பை ஓர் ஏழைக் குடியானவரால் திரட்ட முடியாது. ஆனால் கல்கோட்டை கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. ஆக, அகழி வெட்டியவர் பெரும் பிரபுவுக்குக் கீழே, சாதாரண உழவருக்கு மேலே இருந்தவர்.

திடலில் இருந்தவை

திடலின் நடுவே கூடம் எனப்படும் பெரிய அறை. அதன் நடுத்தரையில் அடுப்பு எரியும். புகை கூரை வழியே வெளியேறும். குடும்பமும் வேலையாட்களும் உண்பது, வழக்குத் தீர்ப்பது, குத்தகை வாங்குவது எல்லாம் அங்கேதான். கூடத்தின் ஒரு முனையில் குடும்பத்தின் தனியறை. மறுமுனையில் பீரும் ரொட்டியும் வைக்கும் சரக்கறைகள். தீப்பிடிக்கும் என்பதால் சமையற்கட்டைத் தனிக் கட்டடமாக ஒதுக்கினார்கள். களஞ்சியம், தொழுவம், குதிரைலாயம், புறாக்கூண்டு ஆகியவை சில பண்ணைகளில் திடலுக்குள் இருந்தன. வேறு பண்ணைகளில் அகழிக்கு வெளியே இருந்தன. இரண்டு திடல்களை அடுத்தடுத்து வெட்டி, ஒன்றில் வீட்டையும் மற்றொன்றில் தொழுவத்தையும் வைத்த இடங்களும் உள்ளன. சில திடல்களில் வீடே இல்லை. பழத்தோட்டமும் காய்கறிப் பாத்திகளும் மட்டுமே இருந்தன. மாடும் பன்றியும் காட்டுமானும் நீரைத் தாண்டி வந்து மேயாதபடி அகழி காவல் நின்றது.

கட்டடங்கள் பெரும்பாலும் ஓக் மரச்சட்டத்தால் ஆனவை. சட்டங்களின் இடைவெளியில் குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்துப் பூசினார்கள். ஹெரிஃபோர்ட்ஷயரில் உள்ள லோயர் பிராக்ஹாம்ப்டன் பண்ணைவீட்டில் இந்த அமைப்பை இன்றும் நேரில் காணலாம். இடைக்காலத்தின் கடைசிப் பகுதியில் எழுந்த மரக்கூடம் திடலில் நிற்கிறது. அகழியின்மேல், 16ஆம் நூற்றாண்டில் கட்டிய சிறிய மர வாயில் மாடம் ஒன்று மேல்தளம் சற்றே முன்னே நீண்டபடி நிற்கிறது. கதவைத் தாண்டியவுடன் புல்வெளி முற்றம். முற்றத்தின் எதிர்முனையில் வீடு. நாலு பேர் சேர்ந்து தள்ளினால் திறந்துவிடக்கூடிய கதவுதான் அது. வருபவர் அங்கே நின்று, அழைக்கப்பட்ட பிறகே உள்ளே போகவேண்டும் என்பதே அந்த வாயிலின் பொருள்.

எதற்காக வெட்டினார்கள்?

அகழியின் பயனைப் பற்றி ஆய்வாளர்கள் பல விடைகளை முன்வைத்துள்ளனர். ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. எந்த ஒன்றும் தனியாகப் போதாது.

முதலாவது பாதுகாப்பு. 13ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்து அமைதியான நாடாக இருக்கவில்லை. 1264 முதல் 1267 வரை அரசருக்கும் பிரபுக்களுக்கும் உள்நாட்டுப் போர் நடந்தது. 1285இல் இயற்றிய வின்செஸ்டர் சட்டம், சந்தை ஊர்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளின் இருபுறமும் 200 அடி அகலத்துக்குப் புதர்களை அகற்றும்படி ஆணையிட்டது. வழிப்பறிக்காரர் பதுங்காதிருக்கவே அந்த ஏற்பாடு. 1326 ஜனவரியில் லெஸ்டர்ஷயரில் ஃபோல்வில் என்ற நிலக்கிழார் குடும்பத்தின் சகோதரர்கள் சேர்ந்த கும்பல், அரசின் கருவூல நீதிபதியான ரோஜர் பெலர்ஸையே வழிமறித்துக் கொன்றது. காட்டோரத்தில் தனித்திருந்த பண்ணைக்கு, இரவில் மாட்டைக் கவரவோ களஞ்சியத்துக்குத் தீ வைக்கவோ வருபவரைத் தடுக்க 10 மீட்டர் நீர் போதுமானது. படையைத் தடுக்க அது போதாது.

இரண்டாவது வடிகால். தட்டையான களிமண் நிலத்தில் மழைக்குப் பிறகு நீர் இறங்க வழியில்லை. அகழி வெட்டினால் திடலின் நீர் பள்ளத்தில் வடியும், திடலும் உயரும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மழை மிகுந்த ஆண்டுகள் வந்தன. எனினும் வடிகாலுக்கு மட்டுமென்றால் ஒரு மீட்டர் அகல வாய்க்கால் போதும்.

மூன்றாவது நீரின் அன்றாடப் பயன். மாடு குடிக்கவும், தீயணைக்கவும், துணி துவைக்கவும் நீர் அருகிலேயே கிடைத்தது. வெள்ளிக்கிழமைகளிலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் இறைச்சியைத் திருச்சபை விலக்கியிருந்ததால் மீனுக்குத் தேவை மிகுதி. பிரீம், டென்ச், பைக் ஆகிய நன்னீர் மீன்கள் செல்வர்களின் விருந்துணவு. இன்று குளமீன் என்றால் நினைவுக்கு வரும் கெண்டை இனமான கார்ப் அப்போது இங்கிலாந்துக்கு வந்திருக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டில்தான் அங்கே பழக்கத்துக்கு வந்தது. ஆனால் பல வீடுகளின் கழிப்பறைகளும் அதே அகழிக்குள்தான் திறந்தன. அதனால் வசதியுள்ள பண்ணைகள் மீனுக்குத் தனிக்குளம் வெட்டிக்கொண்டன.

நான்காவது அந்தஸ்து. இதுவே பெரும்பான்மை அகழிகளுக்கு முதன்மைக் காரணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். வீட்டின் மதிலில் போர்க்கோட்டையைப் போன்ற பல்வரிசைக் கைப்பிடிச் சுவர் எழுப்ப அரசரின் உரிமம் பெறுவது வழக்கம். கம்பளி வணிகத்தில் செல்வம் சேர்த்த லாரன்ஸ் என்பவர் ஷ்ராப்ஷயரின் ஸ்டோக்சேயில் கட்டிய வீட்டுக்கு 1291இலும், யார்க்ஷயரின் மார்க்கன்ஃபீல்ட் வீட்டுக்கு 1310இலும் அத்தகைய உரிமம் கிடைத்தது. பள்ளம் தோண்ட யாருடைய உரிமமும் தேவைப்படவில்லை. அரசரின் கோட்டையைப் பார்த்துப் பிரபுவும், பிரபுவைப் பார்த்துப் படைவீரப் பட்டம் பெற்றவரும், அவரைப் பார்த்து வசதியான சொந்த நிலக்காரரும் அகழி வெட்டினார்கள். வீட்டைச் சூழ்ந்த நீர், அதற்குள் இருப்பவர் தன் நிலத்துக்குத் தானே உரியவர் என்பதை ஊருக்குச் சொன்னது.

யாருடைய நிலத்தில், எந்த ஊரில்?

அகழிகள் கிராமக் குடியிருப்பு வரலாற்றில் முக்கியத்துவம் பெறுவதற்குக் காரணம் அவற்றின் பரவல். இடைக்கால இங்கிலாந்தில் ஊர்கள் இருவகையாக அமைந்திருந்தன. நாட்டின் நடுவே வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீளும் அகன்ற பட்டையில் வீடுகள் நெருக்கமாகக் கூடிய ஊர்கள் இருந்தன. ஊரைச் சுற்றிலும் பரந்த திறந்தவெளி வயல்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவற்றில் சிதறிய கீற்றுகள். பயிர், தரிசு, மேய்ச்சல் எல்லாம் ஊர்க்கட்டுப்பாட்டில். இந்தப் பட்டையின் இருபுறமும் வேறுவகை நாடு. அங்கே பண்ணைகள் தனித்தனியாகவும், சிறு குழுக்களாகவும், காட்டோரங்களிலும் பொதுப் புல்வெளிகளின் விளிம்புகளிலும் சிதறிக் கிடந்தன. பிரையன் ராபர்ட்ஸ், ஸ்டூவர்ட் ரேத்மெல் ஆகியோர் 2000இல் வெளியிட்ட கிராமக் குடியிருப்பு வரைபட நூல் இந்தப் பிரிவினையைத் தெளிவாகக் காட்டியது. பண்ணை அகழிகள் இரண்டாம் வகை நாட்டில்தான் அடர்ந்துள்ளன.

வாரிக்ஷயரில் இந்த வேறுபாட்டை ஒரே மாவட்டத்துக்குள் காணலாம். ஏவன் ஆற்றுக்குத் தெற்கே உள்ள ஃபெல்டன் பகுதி பழைய வயல்நாடு. கூட்டு ஊர்கள் நிறைந்தது. அங்கே அகழிகள் குறைவு. ஆற்றுக்கு வடக்கே ஆர்டன், காட்டுநாடு. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஆர்டனில் காட்டை வெட்டி நிலம் திருத்தும் வேலை மும்முரமாக நடந்தது. வருவாய் பெருக வேண்டும் என்ற எண்ணத்தில் பிரபுக்கள் காட்டுத் துண்டுகளைப் பண வாடகைக்குக் கொடுத்தார்கள். எடுத்தவர்கள் கட்டாய உழைப்புக்கு ஆட்படாத உழவர்களாக வாழ்ந்தார்கள். 1236இல் வந்த மெர்ட்டன் சட்டம், குடிகளுக்குப் போதிய மேய்ச்சலை விட்டுவைத்தால் மிஞ்சிய தரிசைப் பிரபு வேலியிட்டுக்கொள்ளலாம் என்று வழி செய்தது. இப்படித் திருத்திய புதுநிலத்தின் நடுவே, பக்கத்தில் வேறு வீடு இல்லாத இடத்தில், பல அகழிப் பண்ணைகள் எழுந்தன.

ஆர்டனின் பேட்ஸ்லி கிளின்டன் இதற்கு நல்ல சான்று. பெயரின் ‘லி’ என்ற ஈறு, காட்டுக்குள் திருத்திய வெளியைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. இன்று அங்கே நிற்கும் கல்வீடு அகழிக்குப் பிந்தியது. 1591 அக்டோபரில், கத்தோலிக்கப் பாதிரிமாரைத் தேடி அரசு ஆட்கள் அந்த வீட்டைச் சோதித்தபோது, சேசுசபையினர் சிலர் வீட்டின் அடியில் அகழியை ஒட்டி ஓடிய பழைய கழிவுநீர்ச் சுரங்கத்தில் கணுக்கால் நீரில் மணிக்கணக்காக நின்று தப்பினார்கள். திட்டமிட்ட நீரமைப்பு அந்த வீட்டில் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு அந்தச் சுரங்கமே சாட்சி.

சஃபோக், எசெக்ஸ் மாவட்டங்களின் கதை சற்று வேறு. அது காட்டுநாடு அன்று. நெடுங்காலமாக உழப்பட்ட பூமி. ஆனால் அங்கே கட்டற்ற உழவர்கள் மிகுதி. 1086இல் வில்லியம் அரசர் எடுப்பித்த டூம்ஸ்டே கணக்கேட்டில் சஃபோக்கிலும் நார்ஃபோக்கிலும் அவர்கள் பெருந்தொகையாகப் பதிவாகியுள்ளனர். ஒரே திருச்சபை எல்லைக்குள் பல சிறிய மேனர்கள், அதாவது பிரபுவின் உரிமைக்குட்பட்ட பண்ணை அலகுகள், பங்குபோட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமை வீடு, ஒவ்வொரு தலைமை வீட்டுக்கும் ஓர் அகழி. களிமண் மேட்டுநிலத்தில் பொதுப் புல்வெளிகளின் விளிம்பில் பண்ணைகள் வரிசையாக அமைந்தபோது, வசதியான சொந்த நிலக்காரர்களும் தம் வீட்டைச் சுற்றிப் பள்ளம் வெட்டினார்கள். அதனால்தான் ஒரே திருச்சபை எல்லைக்குள் பல அகழிகளை அங்கே காண முடிகிறது.

கூட்டு ஊர்களிலும் அகழிகள் இல்லாமல் இல்லை. அங்கே பெரும்பாலும் ஓர் ஊருக்கு ஒன்று. கோயிலுக்கு அருகில், ஊரின் விளிம்பில், பிரபுவின் வீட்டைச் சூழ்ந்து. மடங்களின் வெளிப்பண்ணைகளும், சில பாதிரிமார் வீடுகளும்கூட அகழி பெற்றன. எனவே அகழி எங்கே, எத்தனை என்பதை வைத்தே ஒரு வட்டாரத்தில் நிலவுரிமை ஒருவர் கையில் குவிந்திருந்ததா, பலர் கையில் பிரிந்திருந்ததா என்பதை ஊகிக்கலாம்.

கடலுக்கு அப்பால்

1169 முதல் அயர்லாந்தில் இறங்கிய ஆங்கிலோ-நார்மானியர் இந்த வழக்கத்தை அங்கே எடுத்துச் சென்றனர். வெக்ஸ்ஃபோர்ட், கில்கென்னி, டிப்பரரி மாவட்டங்களில் சதுர அகழிகள் மிகுதி. டெரி பாரி 1970களில் செய்த ஆய்வு, அவற்றில் பல குடியேற்றத்தின் எல்லையோரங்களில் உள்ளதைச் சுட்டியது. அங்கே பாதுகாப்பு உண்மையான தேவை. கார்க் மாவட்டத்தின் ரிக்ஸ்டேலில் 1977, 1978 ஆண்டுகளில் நடந்த அகழாய்வு, அகழி வெட்டியும் உள்ளே எழுப்பத் தொடங்கிய கூடம் முடிவடையாமல் கைவிடப்பட்டதை வெளிப்படுத்தியது. குடியேற்றம் பின்வாங்கிய காலத்தின் தடம் அது. அயர்லாந்தின் பூர்வகுடித் தலைவர்களும் அகழித் தலங்களைக் கட்டினார்கள் என்பது பிந்திய ஆய்வுகளில் தெளிவாயிற்று.

ஃப்ளான்டர்ஸின் தாழ்நிலங்களிலும் 13ஆம் நூற்றாண்டில் புதிதாகத் திருத்திய நிலங்களில் அகழிப் பண்ணைகள் பெருகின. ஜெர்மனியின் மூன்ஸ்டர்லாந்துக் களிமண் பகுதியில் ‘கிரேஃப்டன்ஹோஃப்’ எனப்படும் நீர் சூழ்ந்த பண்ணைகளில் சிலவற்றில் உழவர் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. தட்டையான களிமண், பெருகும் மக்கள்தொகை, புதுநிலம், தன் காலில் நிற்கும் உழவர் ஆகிய நான்கும் கூடிய இடங்களில் அகழியும் தோன்றியதை இவை காட்டுகின்றன.

சேறு காத்த சான்றுகள்

அகழியின் வயதைக் கணிப்பது எளிதன்று. பயன்பாட்டில் இருந்த அகழியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தூர்வார வேண்டும்; இல்லையேல் இலையும் வண்டலும் சேர்ந்து தூர்ந்துபோகும். தூர்வாரும்போது அடியில் கிடந்த பழைய பொருள்களும் கரம்பையோடு வெளியேறிவிடும். ஆக, பள்ளத்தின் அடியில் இன்று கிடைக்கும் பானை ஓடு அகழி வெட்டிய காலத்தைக் காட்டாது. கடைசியாகத் தூர்வாரிய பிறகு விழுந்த பொருளின் காலத்தையே காட்டும்.

வெட்டிய காலத்தை அறியத் திடலைத்தான் தோண்ட வேண்டும். பள்ளத்திலிருந்து எடுத்துப் பரப்பிய மண்ணின் அடியில் பழைய தரை மூடிக் கிடக்கும். அங்கே கிடைக்கும் பானையோடும் காசும், அகழி அவற்றுக்குப் பிந்தியது என்பதை உறுதிசெய்யும். பல இடங்களில் அந்தப் பழைய தரையில் இன்னொரு வீட்டின் தூண்குழிகளும் அடுப்பும் வெளிப்பட்டுள்ளன. அதாவது பண்ணை ஏற்கெனவே இருந்தது. குடும்பம் செழித்தபோது அகழி வந்து சேர்ந்தது. பாலத்தின் அடிக்கட்டைகள் நீரில் தங்கியிருந்தால், ஆண்டு வளையங்களை எண்ணி மரம் வெட்டிய காலத்தைக் கணிக்கலாம். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் எஞ்சியிருந்தால் வெட்டிய ஆண்டையே சொல்லலாம்.

நீர் தேங்கிய சேற்றில் ஆக்சிஜன் புகாது. மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அங்கே செயல்பட முடியாது. மேட்டுநிலத்தில் சில ஆண்டுகளில் அழிந்துவிடும் தோல் செருப்பு, மரக்கிண்ணம், கூடை, விதை, வண்டின் சிறகோடு எல்லாம் அகழிச் சேற்றில் எழுநூறு ஆண்டு தங்கியிருக்கின்றன. யார்க்ஷயரின் கௌவிக் அகழியில் 1976இல் அவசரமாக நடத்திய அகழாய்வில் தாவர எச்சங்களும் மகரந்தமும் கிடைத்து ஆராயப்பட்டன. மகரந்தம், சுற்றிலும் எவ்வளவு காடு, எவ்வளவு வயல், என்ன பயிர் என்பதைச் சொல்லும். வண்டுகள், நீர் தெளிந்திருந்ததா சாணம் கலந்திருந்ததா என்பதைச் சொல்லும். எழுதப்பட்ட ஆவணங்களில் வாடகையும் வழக்கும் பதிவாயின. அன்றாட உணவும் உடையும் அகழிச் சேற்றில் பதிவாயின.

பர்மிங்ஹாம் நகரின் வீலி கோட்டையில் 1950களில் ஏட்ரியன் ஆஸ்வால்டு நடத்திய அகழாய்வு, 1264இல் உரிமம் பெற்றுக் கட்டிய கல்வீட்டுக்கு முந்திய மரச் சமையற்கட்டு ஒன்றை வெளிக்கொணர்ந்தது. ஈரமண் காத்த பலகைச் சுவர்கள் அதில் எஞ்சியிருந்தன.

வீழ்ச்சியும் பின்வாழ்வும்

அகழிகள் பெருகிய காலம் மக்கள்தொகை உச்சத்தை எட்டிய காலம். தானிய விலை உயர்ந்தது. நிலத்துக்குப் போட்டி மிகுந்தது. நிலம் வைத்திருந்தவர் கையில் பணம் புரண்டது. 1315இல் விடாமழை பயிரை அழித்தது. பஞ்சம் 1317 வரை நீடித்தது. அதன்பின் 1319 முதல் மாடுகளைக் கொள்ளைநோய் கொண்டுபோயிற்று. 1348, 1349 ஆண்டுகளில் வந்த பெருங்கொள்ளைநோய் மக்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை பலிகொண்டது. ஆள் கிடைக்கவில்லை, கூலி உயர்ந்தது, பிரபுக்கள் நேரடிச் சாகுபடியை விட்டுப் பண்ணைகளைக் குத்தகைக்கு விட்டனர். ஒருவர் கையில் பல பண்ணைகள் சேர்ந்தபோது, ஒரு வீட்டில் மட்டும் விளக்கெரிந்தது, மற்றவை இருண்டன. புதிய அகழிகள் அரிதாயின.

எஞ்சியவற்றில் சில செல்வர் மாளிகைகளாக வளர்ந்தன. நார்ஃபோக்கின் ஆக்ஸ்பரோ மாளிகை 1482இல் செங்கல்லில் எழுந்தது. சஃபோக்கின் ஹெல்மிங்ஹாம் மாளிகையும் இவ்வகையைச் சேர்ந்தது. அங்கே தூக்குப்பாலத்தை இரவில் தூக்கும் வழக்கம் தொடர்ந்து வந்திருக்கிறது. பெரும்பாலான பண்ணைகளில் நேர்ந்தது வேறு. வண்டியும் பெரிய களஞ்சியமும் வந்தபோது திடல் இடம் போதாமல், குடும்பம் அகழிக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டது. சில இடங்களில் ஒரு பக்கத்தைத் தூர்த்து வழி செய்தார்கள். மீதிப் பள்ளம் வாத்துக்குளமாயிற்று.

பர்மிங்ஹாமில் ஒரு பெருநகரமே அகழியை விழுங்கியது. 1166இல் சந்தை நடத்தும் உரிமை பெற்ற டி பர்மிங்ஹாம் குடும்பத்தின் வீடு, கோயிலுக்குத் தெற்கே நீர் சூழ்ந்து இருந்தது. அந்தச் சந்தையைச் சுற்றித்தான் நகரம் வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீட்டை இடித்து, அகழியைத் தூர்த்து, அதன்மேல் ஸ்மித்ஃபீல்ட் சந்தையைத் திறந்தார்கள். 1970களில் அங்கே மொத்தச் சந்தை கட்டியபோது பழைய வீட்டின் கல் அடித்தளம் வெளிப்பட்டது. அகழியின் பெயர் தெருப்பெயரில் மட்டும் தங்கியது.

ஆய்வு வந்த வழி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் மண்வேலைகளை வகைப்படுத்தியபோது, பண்ணை அகழிகளுக்குத் தனி வகுப்பு ஒதுக்கினார்கள். எனினும் கோட்டைகளுக்கும் மடங்களுக்கும் கிடைத்த கவனம் அவற்றுக்கு நெடுநாள் கிடைக்கவில்லை. 1962இல் ஃபிராங்க் எமரி அவற்றின் பரவலைக் குடியிருப்பு வரலாற்றோடு இணைத்து எழுதினார். 1973இல் ஜீன் லெ பட்டூரல் யார்க்ஷயர் அகழிகளைத் தொகுத்து ஆராய்ந்தார். 1970களின் தொடக்கத்தில் அகழித் தலங்களுக்கென்றே ஓர் ஆய்வுக்குழு தோன்றியது. 1986இல் அது, கைவிடப்பட்ட ஊர்களை ஆராய்ந்துவந்த குழுவோடு இணைந்து இடைக்காலக் குடியிருப்பு ஆய்வுக்குழுவாயிற்று. அகழியைத் தனியே பார்க்க முடியாது, வயல், காடு, பாதை, ஊர் ஆகியவற்றோடு சேர்த்தே படிக்கவேண்டும் என்ற முடிவு அந்த இணைப்பில் அடங்கியிருந்தது.

அதே காலத்தில்தான் இழப்பும் மிகுந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிராக்டரும் மண்தள்ளும் இயந்திரமும் வந்ததால், எழுநூறு ஆண்டு நின்ற பள்ளத்தை ஒரே நாளில் நிரவ முடிந்தது. நிரவிய அகழியையும் வானிலிருந்து கண்டுபிடிக்கலாம்: தூர்ந்த பள்ளத்தின் மண் ஈரத்தைக் கூடுதலாகப் பிடித்துவைப்பதால், வறண்ட கோடையில் அதன்மேல் விளையும் பயிர் மட்டும் பசுமையாகச் சதுரக்கோடு காட்டும். லேசர் ஒளியால் தரையின் ஏற்றத்தாழ்வை அளக்கும் லைடார் முறை, மரங்களுக்கு அடியில் மறைந்த அகழிகளையும் காட்டித் தருகிறது.

தேர்ந்தெடுத்த பல தலங்கள் 1979ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டத்தின் கீழ்க் காக்கப்படுகின்றன. அவற்றின் நீரில் கொண்டை நியூட் என்னும் அரிய இருவாழ்வியும் தும்பிகளும் வாழ்கின்றன. நீர் வற்றினால் அடிச்சேறு காயும். சேறு காய்ந்தால் அதில் தங்கிய மரமும் விதையும் மக்கிவிடும். எனவே அகழியைக் காப்பது என்பது அதன் நீர்மட்டத்தைக் காப்பதே. பிரிட்டனின் அரசு நிலவரைபடங்களில் இந்த இடங்கள் பழங்கால எழுத்துருவில் ‘மோட்’ என்ற ஒற்றைச் சொல்லால் குறிக்கப்படுகின்றன. பெரும்பாலானவற்றில் அங்கே வாழ்ந்த குடும்பத்தின் பெயர் தெரியாது. நிலம் திருத்தி, 7,000 டன் களிமண்ணைப் புரட்டி, தன் வீட்டுக்கு ஓர் எல்லை வகுத்த அந்தக் குடும்பத்தின் எழுத்து அந்தப் பள்ளம்தான்.